விளக்குமாறு

அந்த அலுவலகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பதவிப் பெயரும் ஒரு வேலையும் இருந்தன. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று யாரும் வற்புறுத்தியதில்லை. ஜன்னலோரத் தடுப்பில் 'மூத்த தொழில்நுட்ப மதிப்பீட்டு ஆலோசகர்' என்று பலகை தொங்கியது. உள்ளே உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் சல்லடை என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார். பலகையைப் படித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும் என்பதால் அவருக்கும் அதுவே வசதி.

புரோக்ராம் எழுதுகிறவர்களுக்கென்று புதிது புதிதாக வரும் கருவிகளைச் சலித்து, மாவு எது உமி எது என்று சொல்வது அவர் வேலை. அந்த உலகத்தில் கருவிகளுக்குப் பஞ்சமே கிடையாது. எழுதியதைச் சரிபார்க்க ஒன்று, சரிபார்த்ததைச் சரிபார்க்க ஒன்று, இரண்டும் முட்டிக்கொண்டால் சமாதானம் பேச ஒன்று. காலையில் மெயிலைத் திறந்தால், 'உங்கள் வாழ்க்கையை மாற்றப்போகும் கருவி' என்று எப்படியும் நாலைந்து காத்திருக்கும். சல்லடை ஒவ்வொன்றையும் இறக்கிப் போட்டுப் பார்ப்பார். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, வாழ்க்கை மாறியிருக்கிறதா என்று பார்ப்பார். அதே நாற்காலி, அதே முதுகுவலி.

அவரிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தன. ஒன்று, எந்தக் கருவியைப் பற்றியும் புகழ்ச்சியைப் படிக்க மாட்டார். திட்டுகிறவர்கள் எழுதியதை மட்டும் படிப்பார். "புகழ்றவன் எல்லாம் ஒரே மாதிரிதான் புகழ்வான். திட்றவன்தான் உக்காந்து யோசிச்சுத் திட்டுவான்" என்பார். இரண்டாவது, கழுதை. கழுதை என்பது அவரே எழுதி வைத்திருந்த ஒரு சின்ன புரோக்ராம். பார்க்க லட்சணமாக இருக்கும். உள்ளே எங்கெங்கே நொண்டுகிறது என்பது அவருக்கு மட்டும் தெரியும். புதுக் கருவி எது வந்தாலும் முதலில் கழுதையைத்தான் அதன் முன்னால் நிறுத்துவார். பெரும்பாலான கருவிகள் கழுதையைச் சுற்றி வந்து, வாலைத் தடவி, 'அருமையான குதிரை' என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போகும்.

தீர்ப்பு சொல்லவும் அவருக்கு அதிக வார்த்தைகள் தேவைப்படவில்லை. உமி என்றால் 'வேண்டாம்'. உமியும் மாவும் கலந்திருந்தால் 'பார்க்கலாம்'. சுத்தமான மாவு என்றால், அவர் முகம் கொஞ்சம் இளகி, புருவம் லேசாக ஏறி, 'பரவாயில்லை' என்பார். அந்த அலுவலகத்தில் பரவாயில்லை வாங்கிய கருவிகளைக் கை விரலில் எண்ணிவிடலாம். அதற்கு மேலே ஒரு படி இருப்பதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

இப்படி ஒரு ஆளை வைத்துச் சோறு போடக் காரணம் இருந்தது. அவர்கள் செய்தது குழந்தைகள் மருத்துவமனைகளுக்கான மருந்தளவு மென்பொருள். குழந்தையின் எடையைத் தட்டினால், எந்த மருந்து எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று திரை சொல்லும். நர்ஸ் அதைப் பார்த்து ஊசியில் ஏற்றுவார். அதனால் எந்தப் புதுப் பதிப்பும் சல்லடையின் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. 'எங்கேயோ ஒரு நர்ஸ்' என்று மற்றவர்கள் பொதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். சல்லடைக்கு அந்த வசதி இல்லை. அடுத்த பதிப்பு வெள்ளிக்கிழமை முதன்முதலாகப் போகவிருந்த குழந்தைகள் வார்டில் ஊசியும் கையுமாக நிற்கப் போவது அவருடைய மனைவி.

இந்த நிலைமையில்தான் தொலைநோக்கு வெளியூர் மாநாடு ஒன்றிலிருந்து திரும்பி வந்தார்.

தொலைநோக்கு அந்த நிறுவனத்தின் இயக்குநர். எந்த வாக்கியத்தை ஆரம்பித்தாலும் 'தொலைநோக்கு' வழியாகத்தான் முடிப்பார். அவ்வளவு தூரம் பார்க்கிற மனுஷர், மேஜைமேல் இருக்கும் தன் மூக்குக் கண்ணாடியைத் தேடுவதற்கு மட்டும் இரண்டு பேரைக் கூப்பிடுவார். மாநாட்டில் கழுத்தில் மாட்டிவிட்ட அட்டையைக் கழற்றாமலே அலுவலகத்துக்கு வந்து, எல்லோரையும் கூட்ட அறைக்கு வரச் சொன்னார்.

"நண்பர்களே, காலம் மாறிடுச்சு," என்றார். "நம்ம புரோக்ராமை இனிமே மனுஷன் உக்காந்து துழாவ வேண்டியதில்லை. ஒரு கருவி வந்திருக்கு. மொத்தத்தையும் ஒரே பார்வையில பார்த்துடும். பச்சை காட்டினா அனுப்பலாம். சிவப்பு காட்டினா நிறுத்தலாம். அவ்வளவுதான் வாழ்க்கை."

திரையில் தங்கக் கிரீடம் ஒன்று சுழன்றது. கருவியின் பெயர் நீளமாக, பாதி எழுத்தும் பாதி எண்ணுமாக இருந்தது. சாயங்காலத்துக்குள் அலுவலகம் அதற்குச் சக்கரவர்த்தி என்று பெயர் வைத்துவிட்டது.

"கையெழுத்து சார்?" என்று கேட்டாள் அவசரம். மருந்தளவு புரோக்ராமில் பாதிக்கு மேல் எழுதியவள் அவள்தான். முப்பதைத் தாண்டிய கெட்டிக்காரி. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டே வேலை பார்ப்பவள். ஒரு கண் திரையிலும் ஒரு கண் மகளின் பள்ளிக்கூட வாசலிலும் இருக்கும்.

"கையெழுத்தெல்லாம் போன தலைமுறை," என்றார் தொலைநோக்கு, சல்லடையைப் பார்த்து அன்பாகச் சிரித்துக்கொண்டே. "சாருக்கும் வயசாகுது. ஓய்வு கொடுப்போம். வியாழக்கிழமை டெமோ. சக்கரவர்த்தி பச்சை காட்டட்டும், வெள்ளிக்கிழமை பதிப்பு மருத்துவமனைக்குப் போகட்டும்."

"நான் ஒரு தடவை பார்த்துடறேன் சார்," என்றார் சல்லடை.

"நீங்க பார்த்தா 'பார்க்கலாம்'பீங்க."

"அதுக்குத்தான சம்பளம் குடுக்கறீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தொலைநோக்கும் சிரித்தார். ஆனால் கழுதையைச் சக்கரவர்த்தியின் பக்கத்தில் கொண்டுபோக அவர் அனுமதிக்கவில்லை. விற்க வந்தவர்களே வியாழக்கிழமை நேரில் வந்து ஓட்டிக் காட்டுவார்களாம். ராஜாவை முன்கூட்டியே பரிசோதிப்பது மரியாதையாக இருக்காதாம்.

சல்லடை தன் தடுப்புக்குத் திரும்பி, செய்யத் தெரிந்ததைச் செய்தார். புரோக்ராமர்கள் கூடிப் புலம்பும் இணையப் பக்கங்களில் போய், சரிபார்க்கும் கருவிகளைப் பற்றி யார் யார் என்னென்ன திட்டியிருக்கிறார்கள் என்று படித்தார். வழக்கமான வசவுகள்தான்: மெதுவாக ஓடுகிறது, நடுவில் செத்துப்போகிறது. நடுவே ஒரு வசவு அவரை நிறுத்தியது. யாரோ ஒருவர் கொதித்துப்போய் எழுதியிருந்தார்: 'இந்தச் சனியன் ஓயாமல் கேள்வி கேட்கிறது. அத்தோடு விட்டதா? தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று வேறு சொல்கிறது! இதற்கு எதற்குக் கருவி? நானே போதுமே.'

சல்லடை நிமிர்ந்து உட்கார்ந்தார். திரையில் இருந்த அந்த வாக்கியத்தை, பழக்கடையில் மாம்பழத்தை முகர்ந்து பார்க்கிறவர்போல இன்னொரு தரம் படித்தார். தெரியாது என்று சொல்கிற கருவியா?

அதன் பெயர் விளக்குமாறு.

அதற்கென்று இருந்த பக்கத்தில் கிரீடம் இல்லை, சுழலும் படம் இல்லை, கைகட்டிச் சிரிக்கும் கோட்டுப் போட்ட ஆட்கள் இல்லை. ஒரு பத்தி இருந்தது. 'உங்கள் புரோக்ராமைப் பெருக்கும். கிடைத்த குப்பையை என்னவென்று விளக்கும். பெருக்காத மூலையைப் பெருக்காத மூலை என்றே சொல்லும்.' அதற்குக் கீழே ஒரு தொலைபேசி எண். சல்லடைக்கு அந்தப் பெயர் இரண்டாவது நிமிடத்தில்தான் முழுதாக விளங்கியது. அரசாங்கக் கடிதங்களில் 'தாமதத்தின் காரணத்தை விளக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்று வருமே, அந்த விளக்குமாறு. மூலையில் சாத்தி வைப்போமே, அந்த விளக்குமாறும்தான். தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்துத் தடுப்பில் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, கவலையோடு உட்கார்ந்துகொண்டார்.

கழுதையைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

விளக்குமாறு ஒன்றும் அவசரப்படவில்லை. கழுதையின் பல்லைப் பிடித்துப் பார்த்தது, குளம்பைத் தூக்கிப் பார்த்தது. பிறகு எழுத ஆரம்பித்தது. வழக்கமாகக் கருவிகள் 'பிழை எண் இத்தனை' என்று மட்டும் துப்பிவிட்டுப் போகும். இது வாக்கியம் எழுதியது. 'இங்கே பெருக்குகிறீர்கள், இதற்குமுன் வகுத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம், சற்றுப் பாருங்கள்.' இன்னோர் இடத்தில், 'பயனர் ஒன்றுமே தட்டாவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் சொல்லவில்லை. நான் ஊகிக்க விரும்பவில்லை. விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.' கடைசியில், 'இந்தக் கோப்பு எனக்குப் படிக்கத் தெரியாத மொழியில் இருக்கிறது. தெரிந்தவர் யாரிடமாவது காட்டிவிடுங்கள்.'

தெரிந்தவர் யாரிடமாவது காட்டச் சொல்கிறது! சல்லடை நாற்காலியில் சாய்ந்தார். எத்தனையோ கருவிகளைப் பார்த்திருக்கிறார். உலகத்தில் இன்னொருவர் இருக்கிறார் என்று ஒப்புக்கொண்ட கருவியை அன்றுதான் பார்த்தார். கழுதையில் அவர் ஒளித்து வைத்திருந்த நொண்டிகளை எல்லாம் அது கண்டுபிடித்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஒன்றைத் தவறவிட்டது. ஆனால் அந்த ஒன்று இருந்த மூலையை, 'இங்கே நான் சரியாகப் பார்க்கவில்லை, வெளிச்சம் போதவில்லை' என்று சுட்டிக் காட்டியிருந்தது. அவருடைய புருவம் தன்னாலே ஏறியது. பரவாயில்லை என்று சொல்லும்போது ஏறும் உயரத்தைத் தாண்டி ஏறியதை, பார்க்க யாருமில்லை.

கருவி நல்லதாக இருந்தால் போதாது, அதன் பின்னால் ஆள் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நாளைக்கு ஏதாவது உடைந்தால் யார் போனை எடுப்பார்கள்? அந்த எண்ணுக்கு அடித்தார். ஒரு பெண் குரல் எடுத்தது. பின்னால் துணி உதறும் சத்தம் கேட்டது.

"விளக்குமாறுங்களா?"

"ஆமா, சொல்லுங்க. என்ன, திட்றதுக்கா?"

"இல்லம்மா."

"அப்படியா? ஒரு நிமிஷம் இருங்க, உக்காந்துக்கறேன். இந்த நம்பருக்குத் திட்றவங்கதான் அடிப்பாங்க."

எத்தனை பேர் சேர்ந்து செய்தீர்கள் என்று கேட்டார். நான் ஒருத்திதான் என்றாள். தெரியாது என்று சொல்ல வைக்க வேண்டும் என்ற யோசனை எப்படி வந்தது என்று கேட்டார்.

"அது எங்க வீட்டுக்காரரால வந்ததுங்க," என்றாள் அவள், க்ளிப்பை வாயில் கடித்துக்கொண்டே பேசுவதுபோல. "தட்டுல நான் இன்னும் எதையும் போட்டிருக்கவே மாட்டேன். 'எப்படி இருக்கு?'னு சும்மா கேட்டா, 'பிரமாதம்!'பார். வாயில வெக்காமலே பிரமாதம். அந்த மாதிரி ஆளு வீட்டுக்கு ஒண்ணு போதும்ங்க. கம்ப்யூட்டரும் அப்படி இருந்தா நான் எங்க போறது? அதான் எழுதினேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"காட்டினேன். பார்க்காமலே பிரமாதம்னார்."

அன்று வீட்டில் மனைவியிடம் இதைச் சொல்லிச் சிரித்தார். அவள் வார்டிலிருந்து வந்து, காலணியைக் கழற்றாமலே சோபாவில் சரிந்திருந்தாள்.

"எனக்கு அந்தம்மா வீட்டுக்காரர் தேவலை," என்றாள். "உங்ககிட்ட வாயில வெச்சு, மென்னு, முழுங்கி, தண்ணி குடிச்சு, அப்புறம் ஒரு 'பரவாயில்லை' வர்றதுக்குள்ள எனக்குப் பசி எடுத்துடுது."

"பரவாயில்லைன்னா பெரிய வார்த்தைம்மா."

"அளந்து அளந்து குடுங்க, தீந்துடப் போவுது." அவள் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாள். "இன்னிக்கு ஒரு வாண்டு வந்துச்சுங்க. எடை பாக்கற மெஷின்ல ஏறவே மாட்டேன்னுடுச்சு. நான் ஒரு பக்கம், அதோட அம்மா ஒரு பக்கம் பிடிச்சு நிறுத்தறோம், காலைத் தூக்கிக்கிட்டுத் தொங்குது. ஒரு தடவை பூஜ்யம் காட்டுது மெஷின், ஒரு தடவை என் எடையையும் சேத்துக் காட்டுது. 'அப்புறமா எடுத்துக்கலாம் கண்ணு, நீ போய் விளையாடு'ன்னுட்டேன். வெள்ளிக்கிழமை உங்க புதுப் பெட்டி வருதாமே, அதுலயாவது தூக்கிப் பார்த்து எடை சொல்ற வசதி இருக்கா?"

"இல்லை," என்றார் சல்லடை. சிரிக்க நினைத்தார். வெள்ளிக்கிழமை என்ற சொல் குறுக்கே நின்றது.

வியாழக்கிழமை கூட்ட அறையில் நாற்காலிகள் போதவில்லை. சக்கரவர்த்தியை விற்க வந்தவர், புன்னகையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார். இவரைப் புன்னகை என்றே சொல்லலாம். சல்லடை தொலைநோக்கின் அருகில் போய், அதே புரோக்ராமில் இன்னொரு சின்னக் கருவியையும் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று கேட்டார்.

"என்ன பேரு?"

"விளக்குமாறு."

தொலைநோக்கு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எதை விளக்கணும்?"

"அதான் சார் பேரு. விளக்குமாறு."

"தொடப்பமா?" குரல் இறங்கியது. "சார், நம்ம நிறுவனத்தோட தொலைநோக்கு என்ன, நீங்க கொண்டு வந்திருக்கறது என்ன? நாளைக்கு அறிக்கை விடறப்ப, 'குழந்தைகளின் பாதுகாப்புக்காக நாங்கள் விளக்குமாற்றை எடுத்திருக்கிறோம்'னு எழுத முடியுமா?"

"ஒரு நிமிஷம்தான் சார் ஆகும்."

புன்னகை பெருந்தன்மையோடு தலையசைத்தார். "ஓட்டட்டும் சார். வித்தியாசம் தெரியணும்ல."

அவசரம் லேப்டாப்பைப் பொருத்தினாள். எந்த ஃபோல்டரைப் பார்க்க வேண்டும் என்று சக்கரவர்த்தி கேட்டது. அவள் ஒன்றைத் தொட்டுக் காட்டிவிட்டு, கைபேசியில் வந்த பள்ளிக்கூடச் செய்தியைப் படிக்கக் குனிந்தாள். கிரீடம் சுழன்றது. இமைக்கிற நேரம்கூட ஆகவில்லை. எக்காளம் ஊதியது. திரை முழுவதும் பச்சை. தங்கத் துகள்கள் மேலிருந்து கொட்டின. நடுவில் பெரிய எழுத்தில்: 'பிழைகள்: பூஜ்யம். நீங்கள் ஒரு மேதை.'

கைதட்டல் கூரையைத் தொட்டது. தொலைநோக்கு எழுந்து நின்றே தட்டினார். "பார்த்தீங்களா வேகத்தை! இவ்வளவு பெரிய புரோக்ராமை ஒரே மூச்சில!" அவசரத்தின் முகம்கூட மலர்ந்தது. தான் எழுதியதில் ஒரு பிழைகூட இல்லை என்று எக்காளம் ஊதிச் சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்?

சல்லடை கைதட்டவில்லை. அவ்வளவு பெரிய புரோக்ராமை அவ்வளவு சீக்கிரம் படிக்க முடியுமா என்று ஒரு சந்தேகம் அவருக்குள் ஊர்ந்தது. ஆனால் பொறாமையும் சில சமயம் சந்தேகத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும் என்பதால் வாயைத் திறக்கவில்லை. முன்னால் போய், அதே ஃபோல்டரில் விளக்குமாற்றை விட்டார்.

எக்காளம் இல்லை. வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்து வந்தது. தொலைநோக்கு அதை எல்லோருக்கும் கேட்கும்படி, கொஞ்சம் நக்கலாக, உரக்கப் படித்தார்:

"'இந்த ஃபோல்டரில் ஒன்றுமே இல்லை. பார்க்காத ஒன்றை நல்லது என்று என்னால் சொல்ல முடியாது. சரியான இடத்தைக் காட்டுமாறு...'"

'கேட்டுக்கொள்கிறேன்' என்பதை அவர் படிக்கவில்லை.

அவசரம் எட்டிப்போய்த் திரையில் ஃபோல்டரின் பெயரைப் படித்தாள்.

"அய்யோ சார்," என்றாள் அவசரம்.

நடந்தது இதுதான். புரோக்ராம் எழுதுகிறவர்கள் வேறு எதில் கெட்டிக்காரர்களாக இருந்தாலும், பெயர் வைப்பதில் மட்டும் எல்லோரும் ஒரே ஜாதி. வேலை முடிந்தது என்று 'இறுதி' என்று ஒரு ஃபோல்டர் போட்டிருந்தாள் அவசரம். பிறகு ஒரு திருத்தம் வந்தது. 'இறுதி புதியது' போட்டாள். பிறகு இன்னொன்று, 'இறுதி இதுதான்'. அன்று காலையில், போதும் என்று முடிவு செய்து, எல்லாவற்றையும் கொண்டுபோய் வைப்பதற்காக 'உண்மையான இறுதி' என்று ஒன்றைத் திறந்தாள். அதற்குள் பள்ளியிலிருந்து, மகள் மூக்குக்குள் பட்டாணி போட்டுக்கொண்டாள் என்று போன் வந்தது. ஹெல்மெட்டோடு ஓடினாள். பட்டாணி வெளியே வந்தது. புரோக்ராம் 'இறுதி இதுதான்' என்பதிலேயே இருந்தது. 'உண்மையான இறுதி', துடைத்து வைத்த பலகைபோலக் காலியாக இருந்தது.

அந்த வெற்றிடத்தைப் பார்த்துத்தான் சக்கரவர்த்தி எக்காளம் ஊதியிருந்தார். வெற்றிடத்துக்குத்தான் அத்தனை கைதட்டலும் விழுந்திருந்தது.

"தொழில்நுட்ப ரீதியா பார்த்தா," என்று இழுத்தார் புன்னகை, "காலி ஃபோல்டர்ல பிழை இல்லைங்கறது சரிதான சார்?"

"ரொம்ப சரி," என்றார் சல்லடை. "மேதைங்கறதுதான் கொஞ்சம் இடிக்குது."

யாரோ கனைத்தார்கள்; யாரோ அந்தக் கனைப்பில் சிரிப்பை ஒளித்தார்கள். தொலைநோக்கு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரியான ஃபோல்டர்ல ஓட்டுங்க," என்றார். "ரெண்டையும்."

சரியான ஃபோல்டரில் சக்கரவர்த்தி உண்மையிலேயே உழைத்தது. அதையும் சொல்ல வேண்டும். வண்ண வண்ணமாகப் படங்கள் போட்டது. எங்கெங்கே இடைவெளி அதிகம், எங்கெங்கே வரி நீளம் என்று துல்லியமாகக் காட்டியது. அவற்றில் சில நல்ல யோசனைகள் என்று சல்லடையே மனசுக்குள் ஒப்புக்கொண்டார். பிறகு கிரீடம் சுழன்றது. மறுபடியும் பச்சை. 'மொத்தத்தில் மிகச் சிறப்பு. அனுப்பலாம்.'

விளக்குமாறு நேரம் எடுத்துக்கொண்டது. ஒருவர் டீ கொண்டுவந்து வைத்தார். ஒருவர் குடித்தார். தொலைநோக்கு வாட்சைப் பார்த்தார். பிறகு கறுப்பு எழுத்து வந்தது. சின்னச் சின்னக் கேள்விகள் சில. அவசரம் ஒவ்வொன்றுக்கும் நின்ற இடத்திலிருந்தே பதில் சொன்னாள். "அது வேணும்னே செஞ்சது." "அது பரவால்ல, அடுத்த பதிப்புல மாத்திடலாம்." கடைசிக் கேள்வி வந்ததும் அவள் திரைக்குப் பக்கத்தில் போய்ப் படித்தாள்.

'எடைக் கட்டம் காலியாக இருந்தால், அதற்கு முன்னால் வந்த குழந்தையின் எடையையே எடுத்துக்கொள்கிறீர்கள். அது வேறு குழந்தை. இது வேண்டுமென்றே செய்ததா? விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

சல்லடை அந்த வரியைப் படித்தார். அந்தப் பகுதியை அவரே இரண்டு தரம் பார்த்திருந்தார். எடை தட்டினால் சரியாக வருகிறதா என்றுதான் பார்த்திருந்தார். தட்டாவிட்டால் என்று பார்க்கத் தோன்றவில்லை. எடை தட்டாமல் யார் விடுவார்கள்?

யார் விடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். எடை மெஷினில் ஏற மாட்டேன் என்று காலைத் தூக்கிக்கொண்டு தொங்கும் ஒரு வாண்டு. 'அப்புறமா எடுத்துக்கலாம் கண்ணு' என்று சொல்லிக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, அடுத்த கட்டிலுக்கு ஓடும் ஒரு நர்ஸ். அதற்கு முந்தின கட்டிலில், மீசை முளைக்கிற வயதில் திடகாத்திரமான ஒரு பையன். திரையில் பளிச்சென்று ஒரு அளவு. ஊசி. கை யாருடையது என்றும் அவருக்குத் தெரியும். அந்தக் கையில் வளையல் எந்தப் பக்கம் நெளிந்திருக்கும் என்பதுவரை தெரியும்.

"சார்," என்றார். "எடை எடுக்க முடியாத குழந்தைங்க தினம் வரும் சார். எங்க வீட்ல சொல்லியிருக்காங்க. மெஷின்ல நிக்காது. கட்டத்தைக் காலியா விட்டுட்டு அப்புறம்தான் போடுவாங்க."

எல்லோரும் தொலைநோக்கைப் பார்த்தார்கள். இந்த இடத்தில் ஒரு நீண்ட சொற்பொழிவு வரும் என்று சல்லடை எதிர்பார்த்தார். மாறிவரும் காலம் வரும், சவால்களும் வாய்ப்புகளும் வரும், எல்லாவற்றையும் தாண்டி வெள்ளிக்கிழமை வரும் என்று நினைத்தார்.

"நிறுத்துங்க," என்றார் தொலைநோக்கு.

அவ்வளவுதான். அவர் பேசியதிலேயே மிகச் சிறிய வாக்கியம் அது. வெளியே போய், மருத்துவமனைக்கு அவரே போன் செய்து, பதிப்பு இப்போது வராது என்று சொன்னார். ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டபோது, எங்களிடம் ஒரு தவறு இருந்தது, பார்த்துவிட்டோம் என்றார். கண்ணாடிச் சுவர் வழியாக அவர் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்த சல்லடைக்கு அந்த மனுஷர்மீது வந்த மரியாதை அவருக்கே புதிதாக இருந்தது. பக்கத்தில் இருப்பதும் அந்தக் கண்ணுக்குத் தெரியத்தான் செய்கிறது; யாராவது விளக்கினால் போதும்.

அவசரம் ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவளை அப்படி இரண்டு கையும் காலியாக யாரும் பார்த்ததில்லை.

"சார், நான்தான் எழுதினேன் அந்த வரியை."

"நான்தாம்மா பார்த்தேன் அந்த வரியை. ரெண்டு தரம்."

"திட்ட மாட்டேங்குதே சார் அது. 'இது வேண்டுமென்றே செய்ததா'னு எவ்வளவு மரியாதையா கேக்குது பாருங்க. திட்டியிருந்தா சண்டை போட்டிருப்பேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சரி, தள்ளுங்க. எடை இல்லைனா எதுவும் காட்டக் கூடாது. இப்பவே மாத்தறேன். முதல்ல அந்த ஃபோல்டருக்கெல்லாம் வேற பேர் வெக்கறேன்."

புன்னகை தன் லேப்டாப்பை மூடிக்கொண்டு கிளம்பும்போது சல்லடையின் பக்கத்தில் நின்றார். இஸ்திரி கலைந்திருந்தது, இப்போதுதான் முகம் நன்றாக இருந்தது. "அந்த நம்பர் கிடைக்குமா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். "காலி ஃபோல்டருக்கு என்ன சொல்லணும்னு எங்க ஆளுங்களும் கத்துக்கட்டும்."

சல்லடை எழுதிக் கொடுத்தார். "திட்றதுக்கு இல்லைனு முதல்லயே சொல்லிடுங்க. உக்காந்து பேசுவாங்க."

சாயங்காலமே தொலைநோக்கின் சுற்றறிக்கை வந்தது. பழைய மனுஷர் அதற்குள் திரும்பி வந்துவிட்டார். 'நமது தொலைநோக்கின்படி, புரோக்ராமில் உள்ள ஐயங்களைப் பணிவுடன் விளக்குமாறு கோரும் நவீன முறை இன்றுமுதல் நடைமுறைக்கு வருகிறது' என்று இருந்தது. துடைப்பம் எந்த வாக்கியத்தில் நுழைந்தது, எப்படி வெளியேறியது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கடைசி வரியில் மட்டும், 'கையெழுத்து முறை தொடரும்' என்று சின்னதாக இருந்தது.

மனைவி வேலை முடிந்து வந்தபோது சல்லடை மேஜையில் உட்கார்ந்து மதிப்பீட்டு அறிக்கையை முடித்துக்கொண்டிருந்தார். விளக்குமாற்றின் குறைகளை எல்லாம் எழுதியிருந்தார்: மெதுவாக ஓடுகிறது, ஒரே ஆள் செய்தது, அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் கேட்க நாதியில்லை, கேள்வி அதிகம். மிச்சமிருந்தது தீர்ப்புக்கான கட்டம். 'பரவாயில்லை' என்று தட்டினார். பார்த்தார். அழித்தார். 'நன்றாக இருக்கிறது' என்று தட்டினார். கொஞ்சம் யோசித்து, திருடுகிறவர்போல அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, முன்னால் 'மிகவும்' என்று சேர்த்தார்.

"யாருக்கு அந்த 'மிகவும்'?" தோளுக்கு மேலே குரல் கேட்டது.

"விளக்குமாத்துக்கு."

"அடேயப்பா! கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு 'மிகவும்' வந்ததுண்டா? தொடப்பத்துக்கு வந்திருக்கு!"

அவர் நடந்ததைச் சொன்னார். காலி ஃபோல்டருக்கு எக்காளம் ஊதியதைக் கேட்டு அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். காலிக் கட்டத்தைச் சொன்னபோது சிரிப்பு நின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தன் வலது கையை விரித்து, யாருடையதோ போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அந்த வாண்டோட கட்டத்தை இன்னிக்குக்கூடக் காலியாத்தாங்க விட்டுட்டு வந்தேன்," என்றாள். "பழைய பெட்டிங்கறதால 'எடை இல்லை'னு கத்திச்சு. எரிச்சலா வந்துச்சு."

"கத்தட்டும். புதுசும் கத்தும். இப்பதான் மாத்தறாங்க."

அவள் எழுந்து உள்ளே போனாள். பாத்திரங்கள் நகரும் சத்தம் கேட்டது. அவர் முன்னால் ஒரு தட்டை வைத்தாள். வெறும் தட்டு.

"எப்படி இருக்கு?" என்றாள் முகத்தை நேராக வைத்துக்கொண்டு.

சல்லடை தட்டைப் பார்த்தார். ஒரு ஓரத்தைப் பிடித்துத் திருப்பி, அடிப்பக்கத்தையும் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லையே. பார்க்காத ஒண்ணை நல்லா இருக்குனு எப்படிச் சொல்றது? சரியான பாத்திரத்தைக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். புருவம் லேசாக ஏறியது.

"பரவாயில்லை," என்றாள்.